இசைக்குறியீட்டு மென்பொருளும் தொண்டர் மனநிலையும்

இசை காற்றிற் பிறந்து காற்றிலே மறைவது. அவ்வாறு மறையும் இசையை நிலைபெறச் செய்தற்கு மக்கள் கண்ட வழிகளுள் ஒன்று அதனை எழுத்திற் பொறித்து வைத்தலாகும். நமது கருநாடக இசையில் ஏழு சுரங்களுக்குரிய எழுத்துக்களையும் தாள அடையாளங்களையும் கொண்டு உருப்படிகளைக் குறித்து வைக்கும் வழக்கை இக்கல்லூரி மாணவர் நன்கறிவர். மேனாட்டிசையாளர் ஐந்து கிடைக்கோடுகளை வரைந்து, அவற்றின் மீதும் இடைவெளிகளிலும் குறிகளை இட்டு, குறி நிற்கும் உயரத்தாற் சுரத்தையும் அதன் வடிவத்தாற் கால அளவையும் உணர்த்துவர். இம்முறையில் அமைந்த இசையேடுகளைக் கணினியின் துணைகொண்டு ஆக்குதற்கு எழுந்த மென்பொருள்களுட் சில, பெரும்பாலும் ஊதியங் கருதாத தொண்டர் பலரின் கூட்டு முயற்சியால் வளர்ந்தவை. அத்தொண்டர் எவ்வாறு வருகின்றனர், எதனால் நிலைக்கின்றனர், எதனால் நீங்குகின்றனர் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். கணினியைப் பயிலாதாரும் இதனைத் தயங்காது வாசிக்கலாம். ஏனெனில் இங்கு ஆராயப்படுவது பெரும்பாலும் மனித இயல்பேயாம்.

இசையேடு ஆக்கும் கலை

இசையை அச்சிடுதல் சொற்களை அச்சிடுதலினும் பன்மடங்கு அரியது. சொற்கள் ஒரே திசையில் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வன. இசைக்குறிகளோ மேலுங் கீழும் பக்கத்திலும் ஒருங்கே பரந்து நிற்பன. ஒரு சுரத்தின் தலை, தண்டு, அதனை அடுத்ததனோடு இணைக்கும் பட்டை, பல சுரங்களைத் தழுவிச் செல்லும் வளைகோடு, வாசிக்கும் விரலைக் காட்டும் இலக்கம், பாடற் சொற்கள் ஆகிய யாவும் ஒன்றையொன்று முட்டாமலும், வாசிப்பவர் கண் தடுமாறாமலும் அமைதல் வேண்டும். முற்காலத்தில் உலோகத் தகட்டின்மீது, கண்ணாடியில் தோன்றும் பிம்பம் போல இடவல மாறாகக் குறிகளை அடித்தும் செதுக்கியும் அச்சுக்கு ஆயத்தஞ் செய்தனர். பல்லாண்டுப் பயிற்சியின்றி இத்தொழில் கைவருவதில்லை. இடைவெளியை எவ்வளவு விடுவது, வளைகோட்டினை எங்கே உயர்த்துவது என்பன போன்ற நுட்பங்கள் பல, நூல்களில் எழுதப்படாது செதுக்குநரின் கையிலுங் கண்ணிலுமே வாழ்ந்தன.

இந்நுட்பங்களைக் கணினிக்குக் கற்பிக்க முயன்றோருள் ஒல்லாந்து நாட்டினரான ஹான்-வென் நீன்ஹௌஸ், யான் நியூவென்ஹௌசென் என்னும் இருவர் குறிப்பிடத்தக்கவர். அவர்கள் 1996ஆம் ஆண்டிற் தொடங்கிய முயற்சியே லிலிபொண்ட் என்னும் மென்பொருள். இதில் இசையைப் படமாக வரைதல் இல்லை. எழுத்துக்களாலான ஒரு குறிப்பினை எழுதிக்கொடுத்தால் மென்பொருள் தானே அதனை இசையேடாக அமைத்துத் தரும். பாக் என்னும் ஜேர்மானிய இசைமேதை தனிச் செல்லோவுக்கு இயற்றிய உருப்படிகளின் இரு பதிப்புக்களை லிலிபொண்டின் ஆக்குநர் அருகருகே வைத்து ஒப்புநோக்கினர். ஒன்று 1950இற் கையாற் செதுக்கப்பட்டது. மற்றையது 2000இற் கணினியால் அமைக்கப்பட்டது. பின்னையது எங்கும் ஒரே தன்மைத்தாய் உயிரற்றுத் தோன்ற, முன்னையது வாசிப்பவர் கண்ணை நடத்திச் செல்வதாய் இருந்தது. அப்பழைய அழகினைக் கணினியிற் கொணர்தலே தம் நோக்கென அவர்கள் கொண்டனர்.

மற்றொன்று மியூஸ்ஸ்கோர் என்பது. ஜேர்மனியைச் சேர்ந்த வேர்னர் ஷ்வேர் என்பார், தாம் முன்னர் ஆக்கிய மியூஸ் என்னும் இசைப்பதிவு மென்பொருளினின்றும் குறியீட்டுப் பகுதியை 2002இற் பிரித்தெடுத்துத் தனி மென்பொருளாக வளர்த்தார். இதன் முதலாம் முழுப்பதிப்பு 2011இல் வெளிவந்தது. திரையிலே ஐந்து கோடுகளையுங் கண்டு அவற்றின்மீது சுரங்களை நேரே இடக்கூடியதாகையால், பாடசாலை மாணவரும் இதனை எளிதிற் கையாள்கின்றனர்.

திறந்த மூலம்

மென்பொருள் ஒவ்வொன்றும் நிரலாளர் எழுதிய மூலநிரலாற் பிறப்பது. வணிகக் கம்பனிகள் அம்மூலநிரலை மறைத்து வைத்துப் பயன்பாட்டினை மாத்திரம் விற்கும். 1983இல் றிச்சட் ஸ்ரோல்மன் என்பார் குனு என்னுந் திட்டத்தை அறிவித்து, மென்பொருளை எவரும் பயன்படுத்தவும், அதன் உள்ளமைப்பைப் படித்தறியவும், திருத்தவும், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கவும் உரிமை வேண்டும் என வற்புறுத்தினார். லிலிபொண்ட் அத்திட்டத்தின் ஓர் உறுப்பாக உள்ளது. மியூஸ்ஸ்கோரும் அத்தகைய உரிமத்தின் கீழேயே வழங்கப்படுகின்றது.

இவ்வுரிமையின் அருமை 2024 ஓகஸ்ற் மாதத்தில் இசையுலகுக்கு நன்கு விளங்கிற்று. முப்பத்தைந்து ஆண்டுகளாக வழங்கிவந்த பினாலே என்னும் வணிக மென்பொருளை இனி வளர்ப்பதில்லையென அதன் கம்பனி அறிவித்தது. வாழ்நாள் முழுவதும் தம் ஆக்கங்களை அதிலே எழுதி வைத்த இசையாளர் திகைத்தனர். மூலநிரல் கம்பனியின் கையில் இருந்தமையின், தாமே அதனைத் தொடர்ந்து பேண அவர்களுக்கு வழியில்லை. திறந்த மூல மென்பொருளுக்கு இவ்வாறான முடிவு ஓர் அறிவித்தலால் நேராது. ஆயினும் அதற்கும் ஒரு முடிவு உண்டு. அதனைப் பேணும் தொண்டர் ஒவ்வொருவராக மனந்தளர்ந்து நீங்குவராயின், அறிவித்தல் எதுவுமின்றியே அது பட்டுப்போகும். ஆதலின் தொண்டர் மனநிலை என்பது ஒரு பக்க விடயமன்று. அந்த மென்பொருளின் உயிர்நிலையே அதில் தங்கியுள்ளது.

முதல் வரவேற்பு

தொண்டர் ஒருவர் எவ்வாறு உருவாகின்றார் என்பதைக் கருதுவோம். வயலின் வாசிப்பவர் ஒருவர் தாம் எழுதிய ஏட்டில் வளைகோடு ஒன்று விரலிலக்கத்தின்மீது ஏறி நிற்பதைக் காண்கின்றார் என வைத்துக்கொள்வோம். அது மென்பொருளின் வழு. அவர் நிரலாளர் அல்லர். ஆயினும் மூலநிரல் திறந்திருத்தலின், பகற்பொழுதின் தொழில் முடிந்தபின் இரவு பல விழித்து அதனைப் படித்து, ஒரு வரியைத் திருத்தி, அத்திருத்தத்தைப் பேணுநருக்கு அனுப்புகின்றார்.

இனி அவருக்குக் கிடைக்கக்கூடிய மறுமொழிகள் நான்கு வகையின. ஒன்று மௌனம், கிழமைகள் பல சென்றும் எவரும் ஏனென்று கேட்பதில்லை. இரண்டாவது இகழ்ச்சி, விதிமுறைகளைப் படியாது வந்தீர் என ஒரு வரியிற் புறந்தள்ளுவது. மூன்றாவது வெறும் புகழ்ச்சி. திருத்தத்தைச் சோதியாமலே ஏற்றுக்கொண்டு, பின்னர் அதனால் வேறிடங் கெட்டதைக் கண்டு சத்தமின்றி நீக்கிவிடுவது. நான்காவது, அவர் முயற்சிக்கு நன்றி கூறி, இன்ன இடத்தில் இது பிழைக்கின்றது, இவ்வாறு மாற்றின் பொருந்தும் எனத் தெளிவாகக் காட்டி மீண்டும் அனுப்புமாறு கேட்பது. முதன் மூன்றும் தொண்டரை இழக்கச் செய்யும். நான்காவதே ஆளை வளர்க்கும்.

இது வெறும் ஊகமன்று. கிட்ஹப் என்னும் நிறுவனம் 2017இல் திறந்த மூலத் தொண்டர் ஏறத்தாழ 5,500 பேரிடம் வினாவி முடிபுகளை வெளியிட்டது. நூற்றுக்கு 18 பேர் தாமே பிறரின் தகாத நடத்தைக்கு ஆளாயினர். 50 பேர் பிறர்க்கு அது நேர்ந்ததைக் கண்டனர். அவ்வாறு அனுபவித்தோரும் கண்டோருமானவருள் நூற்றுக்கு 21 பேர் அதன் காரணமாகத் தாம் பங்குகொண்ட முயற்சியொன்றைக் கைவிட்டனர். இங்கு ஊன்றி நோக்கத்தக்கது யாதெனில், சுடுசொல் அதனைப் பெற்றவரை மட்டுமன்றி அருகே நின்று கண்டவரையும் விரட்டுகின்றது என்பதாம். வினாவப்பட்டோருட் பெண்கள் நூற்றுக்கு 3 பேர் மாத்திரமே. வாயிலில் நிற்போரின் முகக்குறிப்பு யார் யாரை உள்ளே வரவிடாது தடுத்தது என்பதை இவ்வெண் ஓரளவு சொல்லும்.

கண்டிப்பும் கடுமையும்

இன்சொல் வேண்டும் என்பதனால் தரத்தைத் தளர்த்தல் வேண்டும் என்று எவரும் கருதலாகாது. இசைக்குறியீட்டு மென்பொருளிற் கண்டிப்பு இன்றியமையாதது. ஓரிடத்து வளைகோட்டினை நேர்செய்யும் ஒரு வரி, வேறோரிடத்துப் பாடற் சொற்களைக் கலைத்துவிடக்கூடும். இதனாலேயே லிலிபொண்டில் நூற்றுக்கணக்கான சிறு இசைத்துண்டுகளைச் சோதனைக்கென வைத்துள்ளனர். எவரேனும் ஒரு திருத்தத்தை அனுப்பினால், அத்துண்டுகள் யாவும் திருத்தத்திற்கு முன்னும் பின்னும் படமாக ஆக்கப்பட்டு ஒப்புநோக்கப்படும். மாறக்கூடாத இடம் மாறியிருப்பின் திருத்தம் திரும்பிப்போகும். பிறர் நோக்கிக் கருத்துக்கூறச் சில நாட் தவணையும் உண்டு. இச்சோதனையின் தலையாய நன்மை, குறை கூறுவது மனிதரன்றிப் படமாதலே. உம் திருத்தம் தவறு என்பதற்கும், பதினேழாம் படத்தில் தண்டு சற்றே குறுகிவிட்டது பாரும் என்பதற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. பொருளின்மேற் கண்டிப்பும் ஆளின்மேற் கனிவும் ஒருங்கே நிற்கும் வழி இதுவாகும்.

கடுமையே தரத்தைக் காக்கும் எனக் கருதினோர் மென்பொருளுலகில் இருந்ததுண்டு. லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் கருவை 1991இற் தொடக்கிய லீனஸ் தோர்வால்ட்ஸ் நெடுங்காலம் தம் சுடுசொல்லுக்குப் பேர்பெற்றிருந்தார். 2018 செப்டெம்பரில் அவரே தம் நடத்தை பிறரைப் புண்படுத்தியதை ஒப்புக்கொண்டு வெளிப்படையாக மன்னிப்புக் கோரிச் சிறிதுகாலம் ஒதுங்கியிருந்தார். அக்காலத்திலேயே நடத்தை நெறியொன்றும் அம்முயற்சியில் ஏற்கப்பட்டது. அதன்பின் லினக்ஸின் தரம் குன்றியதாகக் கூறுதற்கு இடமில்லை.

இவ்விடத்து என் அனுபவம் ஒன்றைக் கூற விரும்புகின்றேன். வெளிவாரி மாணவனாகப் பட்டப்படிப்பை மேற்கொண்டிருந்த காலத்தில், பாடத்திட்டத்தில் ஓர் ஐயந் தீர்க்கவேண்டி ஒரு நிறுவனத்திற்குப் பகற்பொழுதெல்லாம் பிரயாணஞ் செய்து சென்றேன். அங்கிருந்த உத்தியோகத்தர் என் தாளை நிமிர்ந்தும் பாராமல், “வெளிவாரிதானே, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கோ” என்றார். இரண்டு ஆண்டுகள் நான் புத்தகத்தைத் தொடவில்லை. பின்னர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் என் கட்டுரையொன்றைக் கொடுத்தேன். பக்கந்தோறும் சிவப்பு மை; தப்பிய வசனம் ஒன்றுமில்லை. கடைசிப் பக்கத்தின் அடியில், “விஷயம் உண்டு, ஒழுங்கு போதாது, திருப்பி எழுதிக்கொண்டு வாரும்” என்று எழுதியிருந்தார். அந்த “வாரும்” என்னுஞ் சொல்லே என்னைப் பட்டதாரியாக்கியது. முன்னையவர் என் பிழை ஒன்றையேனுங் காட்டவில்லை. பின்னையவர் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. என்னை வெளியேற்றியது கண்டிப்பு அன்று என்பதை அன்று உணர்ந்தேன்.

தொண்டில் உயர்வு தாழ்வு

தொண்டரை நீக்கும் மற்றொரு மனப்பான்மை, நிரல் எழுதுவோரே உயர்ந்தோர், ஏனையோர் உதவியாளர் என்னும் எண்ணமாகும். இசைக்குறியீட்டு மென்பொருளில் இவ்வெண்ணம் செய்யுந் தீங்கு பெரிது. பாடகர் குழுவை நடத்தும் ஒருவருக்கும் முதிய பியானோ ஆசிரியை ஒருவருக்கும் நிரல் தெரியாதிருக்கலாம். ஆயின் ஏட்டில் எது வாசிக்கத் தடையாகும் என்பதை அவர்களே அறிவர். அவர்கள் ஒரு குறையைக் கூறும்போது, வேண்டுமாயின் நீரே எழுதித் திருத்தும் எனக் கூறுதல், நோயாளியிடம் நீரே மருந்தரையும் என்பதை ஒக்கும். மேற்சொன்ன 2017ஆம் ஆண்டு வினாவலிலே, விளக்கநூல்கள் குறையுற்றோ காலம் பிந்தியோ இருத்தல் ஒரு பிரச்சினையென நூற்றுக்கு 93 பேர் கண்டிருந்தனர். யாவரும் வேண்டுவதும் எவரும் மதியாததுமான தொண்டு விளக்கம் எழுதுதலே போலும்.

லிலிபொண்ட் குழுவினர் இதனைக் காலத்தால் உணர்ந்தனர். விளக்கநூலை முழுவதும் ஒழுங்குபடுத்தும் பெருமுயற்சியொன்று 2007, 2008ஆம் ஆண்டுகளில் நடைபெற்றது. பயன்படுத்துவோரே சிறு திருத்தங்களைச் செய்து பழகுதற்கு ஒரு குழு அமைத்து, லிலிபொண்ட் என்னும் பெயர் அல்லிக்குளத்தைக் குறிப்பதற்கேற்ப, அவர்களைத் தவளைகள் என வேடிக்கையாக அழைத்தனர். தொண்டு செய்ய வருவோர்க்கென வழிகாட்டி நூலொன்றும் எழுதப்பட்டது. விளக்கநூல் பிரெஞ்சு, ஸ்பானியம், ஜேர்மன், இத்தாலியம், யப்பான் முதலிய மொழிகளிற் பெயர்க்கப்பட்டுள்ளது. 2020இல் வேலைகள் யாவும் கிட்லாப் என்னும் ஒரே களத்துக்கு மாற்றப்பட்டன. திருத்தம் அனுப்பும் முறையின் சிக்கலும் ஒருவகை முகச்சுழிப்பே. வாயில் குறுகலாயின், உள்ளிருப்போர் இன்முகத்தினராயினும் வருவோர் திரும்பிப் போவர்.

பயன்கொள்வோர் கடமை

இதுவரை புதிதாக வருவோர் படுந் துன்பத்தையே கூறினோம். பேணுநர் படுந் துன்பமும் உண்டு. இலவசமாகப் பெறுவோர், விலைகொடுத்து வாங்கினோரினும் மிகுதியாகக் கட்டளையிடுவதை எங்குங் காணலாம். இந்த வசதி ஏன் இன்னும் வரவில்லை என ஒரே நாளிற் பலர் கேட்பர். வந்தபின் நன்றி கூறுவோர் சிலரே.

வேலையின் அளவை வெளியிலிருந்து காண்டல் அரிது. லிலிபொண்ட் தனக்கு அடிப்படையாகக் கொண்ட கைல் என்னும் நிரன்மொழி, பழைய 1.8 பதிப்பினின்றும் புதிய பதிப்புக்கு மாறியபோது, அதற்கேற்ப லிலிபொண்டை மாற்றும் வேலை பல்லாண்டுகள் நீடித்தது. 2022 டிசெம்பரில் வெளிவந்த 2.24ஆம் பதிப்பிலேயே அது நிறைவேறிற்று. பயன்கொள்வோர் கண்ணுக்குப் புதிதாய் ஒன்றுந் தோன்றாத இவ்வேலையைச் செய்தோர், ஏன் தாமதம் என்னும் வினாவையே கேட்டுக்கொண்டிருந்தனர். மற்றொருபுறம், பயன்கொள்வோரின் நன்கொடையையே வருவாயாகக் கொண்டு ஒருவர் பல ஆண்டுகள் லிலிபொண்டின் ஆக்கத்தில் ஈடுபட்டிருந்ததும் உண்மை. இரு மனப்பான்மையும் ஒரே சமூகத்திலே அருகருகே வாழ்ந்தன.

நச்சரிப்பின் விளைவு எவ்வளவு கொடிதாகலாம் என்பதற்கு இசைக்கு வெளியே ஒரு சான்று காட்டலாம். கோப்புக்களைச் சுருக்கும் எக்ஸ்-செட் என்னும் மென்பொருளைத் தனியொருவர் ஓய்வுநேரத்திற் பேணிவந்தார். அவர் உள்ளம் தளர்ந்திருந்த 2022ஆம் ஆண்டிற் சிலர் அவரது தாமதத்தைச் சுட்டி மேன்மேலும் நெருக்கினர். உதவ முன்வந்த ஒருவருக்கு அவர் பொறுப்பிற் பங்களித்தார். அவ்வாறு நுழைந்தவரோ பிறர் கணினிகளுட் புகுதற்குரிய கள்ளவாயிலொன்றை அம்மென்பொருளில் ஒளித்து வைத்தார். 2024 மார்ச்சு மாத இறுதியில், பரவலாகப் பயன்படுதற்குச் சற்று முன்னரே, அது தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. தனித்து நிற்கும் தொண்டரைச் சொல்லால் நெருக்குதல் யாவரின் பாதுகாப்பையும் குலைக்கும் என்பது இதனாற் புலனாயிற்று.

குறை கூறியவரை உள்ளே அழைத்தல்

நல்ல மனப்பான்மையால் விளைந்த பயனுக்கு மியூஸ்ஸ்கோர் வரலாறு சான்று பகரும். இசையமைப்பாளரும் வடிவமைப்பாளருமான மாட்டின் கீரி என்பார் 2019இல் ஒரு நிகழ்படத்தில் அம்மென்பொருளின் குறைகளை விரிவாகவும் எள்ளலோடும் எடுத்துக்காட்டினார். ஆயிரக்கணக்கானோர் முன்னிலையிற் தம் உழைப்பு நகையாடப்பட்டமை எவருக்கும் கசப்பாகவே இருக்கும். ஆயினும் மியூஸ்ஸ்கோரைச் சேர்ந்தோர் அவரைப் பகைக்கவில்லை. குறைகள் மெய்யெனக் கண்டு அவரையே வடிவமைப்புப் பொறுப்புக்கு அழைத்தனர். 2022 டிசெம்பரில் வெளியான நான்காம் பதிப்பு அவர் தலைமையிற் பெரிதும் புதுக்கப்பட்டது.

மற்றொரு நிகழ்ச்சி இதனினும் உள்ளத்தைத் தொடுவது. பாக்கின் கோல்ட்பேர்க் உருப்படிகளை யாவர்க்கும் உரித்தாக்கும் முயற்சியொன்று 2012இல் நிறைவேறிற்று. மியூஸ்ஸ்கோரில் ஏடு அமைக்கப்பட, கிமிக்கோ இஷிசாகா என்னும் பியானோக் கலைஞர் அவற்றை வாசித்துப் பதிவுசெய்தார். யாவர்க்கும் என்கின்றீர், எம்மால் இதனை வாசிக்க முடியாதே எனப் பார்வையிழந்தோர் தரப்பினின்றும் குறை எழுந்தது. அதனை அவர்கள் குற்றச்சாட்டாகக் கொள்ளவில்லை. அடுத்த முயற்சியில் ஏடுகளைத் தடவியறியும் பிரெயில் எழுத்தில் ஆக்குவதையும் தம் பணியாக மேற்கொண்டனர். பின்வந்த மியூஸ்ஸ்கோர் பதிப்புக்களில் பார்வையற்றோர் சுரங்களைக் குரலாற் கேட்டறியவும், பிரெயிலில் உடனுக்குடன் தடவியறியவும் வசதிகள் அமைந்தன. ஒரு முறைப்பாட்டைக் கேட்ட செவியால் இவ்வளவும் நிகழ்ந்தது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் அறியத்தக்கன சிலவுள. தொண்டருக்குக் கூலி பணமன்று. தம் உழைப்பு பொருட்படுத்தப்பட்டது என்னும் நிறைவே கூலி. மௌனமும் இகழ்ச்சியும் அக்கூலியை மறுத்தலாம். ஆதலின் வந்த திருத்தம் ஏற்கத் தகாததாயினும் விரைந்து மறுமொழி கூறுதல், குறையைப் பொருளின்மேல் வைத்துக் கூறுதல், எழுதுவோர், மொழிபெயர்ப்போர், சோதிப்போர் யாவரையும் ஒப்ப மதித்தல் என்பன பேணுநர் கடமை. கேட்பதற்குமுன் வழிகாட்டியைப் படித்தல், கட்டளையிடாது வேண்டுதல், பெற்றபின் நன்றி கூறுதல் என்பன பயன்கொள்வோர் கடமை.

நம் மாணவர் பலர் இன்று நிரல் எழுதப் பயில்கின்றனர். அவர்களும் நாளை இத்தகைய பொதுப்பணிகளிற் பங்குகொள்ளலாம். மறுக்கப்பட்ட முதற் திருத்தத்தோடு அவர்கள் நின்றுவிடலாகாது. பிறர் முதற் திருத்தத்தை அவர்கள் நோக்கும் நாளில் தம் முதல் நாளை மறந்துவிடவுங் கூடாது. ஆசிரியராகிய நாமோ அந்தக் காலம் வரைக்குங் காத்திருக்க வேண்டியதில்லை. திருத்துதற்கென ஒரு கட்டுக் கொப்பிகள் இன்றே நம் மேசைமீது கிடக்கின்றன. சிவப்பு மையைச் சிக்கனஞ் செய்யவேண்டாம். கடைசிப் பக்கத்தின் அடியில் “திருப்பி எழுதிக்கொண்டு வாரும்” என்னும் வரியை மட்டும் மறவாதிருப்போமாக.